நாலடி உயர்ந்த வீடும் ஹில்டாவின் ஜீப்பும்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு பிரிட்டோ அனுப்பிய வீடியோ மொத்தமே ஒன்பது நொடி. தாம்பரத்தில் அவனுடைய மெக்கானிக் ஷெட். அதற்குள் ஹில்டாவின் பச்சை ஜீப். பிரிட்டோவின் கை சாவியைத் திருப்புகிறது. இஞ்சின் ஒரே இருமலில் எழுந்து தடதடவென்று ஓடுகிறது. கடைசி இரண்டு நொடியில் கேமரா திரும்பி பிரிட்டோவின் முகத்தைக் காட்டுகிறது. அந்த முகத்தில் இருந்த சிரிப்பைத்தான் ஹில்டாவால் தாங்க முடியவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. இதே ஜீப், சிட்லபாக்கத்தில் அவள் வீட்டு வாசலில், ஏழு மாதமாக ஒரு நாள் காலைகூட ஒழுங்காகக் கிளம்பியதில்லை. சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பற்ற மட்டும் பற்றாது. ஷெட்டுக்குப் போனால் நல்ல பிள்ளையாகிவிடும். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுபோகுமே, அந்தக் கதைதான். மூன்று முறை கொண்டுபோய் விட்டாள். மூன்று முறையும் வீடியோ வந்தது.

ஹில்டா ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கூட ஓய்வு பெற்றவர்கள் எருசலேமுக்குப் புனிதப் பயணம் போனார்கள். இவள் போய் இருபத்தெட்டு வயதான ஒரு டீசல் ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்தாள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. சேறு, மணல், ஏரிக்கரை எதுவும் அதற்கு ஒரு பொருட்டில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் அதை ஞாயிறு ஆராதனைக்கு ஓட்டி வரும் அழகைப் பார்க்கவே சபையில் பாதிப் பேர் வாசலில் நிற்பார்கள்.

அவள் கணவர் சத்தியநாதன் வண்டி ஓட்ட மாட்டார். இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு ஆட்டோ வருகிறது, மாடு வருகிறது என்று சொல்வதோடு சரி. பள்ளிக்கூடத்தில் சாரணர் ஆசிரியராக இருந்தவர். அங்கிருந்து அவரோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது முடிச்சு ஒன்றுதான். பழைய பேப்பர் கட்டு, மாடியில் துணிக்கொடி, கிறிஸ்துமஸ் நட்சத்திரம், எதுவானாலும் அவர்தான் கட்டுவார். இரட்டை முடிச்சு போட்டு, மிச்ச நுனியைப் பின்பக்கமாக மடித்து உள்ளே செருகிவிடுவார். அவர் கட்டியதை அவிழ்க்க அரிவாள்மணைதான் வேண்டும்.

இனி அந்த வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு மழைக்காலமும் ஏரி கேட்காமல் கூடத்துக்கு வந்துவிடும். தெருவோ, தார் மேல் தார் போட்டு வருஷத்துக்கு ஒரு விரல்கடை உயர்ந்துகொண்டே போனது. பொறுத்துப் பார்த்துவிட்டு, போன கோடையில், வீட்டுக்கு அடியில் நூற்றுக்கணக்கில் ஜாக்கி வைத்து மொத்த வீட்டையும் நாலடி தூக்கினார்கள். அந்த இரண்டு மாதமும் ஜீப் கோயில் மைதானத்தில் நின்றது. ஜூனில் திரும்பி வந்தபோது, தெருவிலிருந்து கேட் வரைக்கும் செங்குத்தாக ஒரு சிமெண்ட் சரிவு. அன்றுமுதல் ஜீப் அந்தச் சரிவில்தான் நிற்கிறது. மூக்கு வீட்டுப் பக்கம், பின்புறம் தெருப் பக்கம், பின்சக்கரத்துக்கு இரண்டு செங்கல். காலையில் கிளம்பாவிட்டால் செங்கல்லை எடுத்துவிட்டு, சத்தியநாதன் முன்னால் நின்று பானெட்டில் கைவைத்துத் தள்ளுவார். ஜீப் பின்னோக்கி உருளும். ஹில்டா ரிவர்ஸ் கியரில் கிளட்சை விடுவாள். பல நாள் அதிலேயே பிடித்துக்கொள்ளும். சரிவு மட்டும் இல்லாவிட்டால் நம் கதி என்ன, கர்த்தர் காரணமில்லாமல் வீட்டை உயர்த்தவில்லை என்று சத்தியநாதன் அடிக்கடி சொல்வார். ஹில்டாவும் ஆமென் சொல்வாள்.

செவ்வாய் மாலை ஜீப் வீட்டுக்கு வந்தது. புதன் காலை இருவரும் வழக்கம்போல ஏறி உட்கார்ந்தார்கள். டீசல் வண்டிக்கு முதலில் ஹீட்டரைப் போட்டு இஞ்சினைச் சூடாக்க வேண்டும். அதற்கு அவர்கள் கடிகாரம் பார்ப்பதில்லை. ஹீட்டர் விளக்கு எரியத் தொடங்கியதும் சத்தியநாதன் கண்ணை மூடிப் பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொல்வார். அவர் ஆமென் சொல்லும்போது சூடு சரியாக இருக்கும். அன்றும் ஆமென் வந்தது. சாவி திரும்பியது. இஞ்சின் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

தள்ளினார்கள். சரிவில் பிடிக்கவில்லை. எதிர்வீட்டு ஜெயசீலி வாக்கிங் ஷூவோடு ஓடிவந்து ஒரு கை கொடுத்தாள். தெருவில் இருபதடி தள்ளிய பிறகு ஜீப் கரும்புகை கக்கி எழுந்தது. எழுந்த அதே நேரம் சத்தியநாதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

மருந்து தடவி, பெல்ட் கட்டிப் படுக்க வைத்த பிறகு அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஹில்டாவும் பதிலுக்குப் போட்டிருப்பாள். மெதுவாகத்தான் சொன்னார்.

"சனிக்கிழமை காலைல ஆறரைக்கு இது இதே இடத்துல, இதே மாதிரி நின்னு, ஒரே சாவில கிளம்பணும். இல்லன்னா, வண்டியை விலைக்குக் கேக்குறாருன்னு பிரிட்டோ சொல்ற அந்த செங்கல்பட்டு ஆளு வந்து எடுத்துட்டுப் போகட்டும். என் உடம்பு இனிமே தாங்காது, ஹில்டா."

சனிக்கிழமைதான் கேளம்பாக்கத்துக்கு அப்பால் சேற்று நிலத்தில் ஜீப்காரர்களின் ஓட்டம். முப்பது வண்டி, அதில் ஓட்டுகிற பெண்கள் நாலே பேர், ஹில்டாவுக்கு எண் பதினேழு. அந்த ஸ்டிக்கர் வந்த நாளிலிருந்து அவள் அதை பைபிளுக்குள் வைத்து நேரம் கிடைத்தபோதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஏழு மாதம் முணுமுணுக்காமல் தள்ளிய மனிதர். சரி என்றாள்.

வண்டியில் எதிலாவது கைவைத்தீர்களா என்று கணவரிடம் கேட்டுப் பார்த்தாள். பானெட் எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தனக்குத் தெரியாது என்றார் சத்தியநாதன். அது உண்மைதான்.

பிரிட்டோவுக்குப் போன் போட்டாள். பேட்டரி புதுசு, செல்ஃப் மோட்டாரைப் பிரித்துப் பூட்டியாயிற்று, ஹீட்டர் பிளக் நாலும் மாற்றியாயிற்று, பம்பைச் சோதித்தாயிற்று என்று அவன் ஒப்பித்தான்.

"வண்டில ஒரு கொறையும் இல்லக்கா. உங்க வூட்லதான் இன்னாவோ கீது. பாஸ்டரை இட்டாந்து ஒரு ஜெபம் வெச்சிப் பாருங்க."

ஹில்டா போனை வைத்தாள். கோபத்தில் பீன்ஸை நறுக்கிய வேகத்துக்கு விரல் தப்பியது பெரிய காரியம். பாதி பீன்ஸ் நறுக்கும்போது கை நின்றது. கிண்டலை உதறிவிட்டுப் பார்த்தால், அவன் சொன்னது ஒரு நல்ல ஆய்வக முடிவு. ஷெட்டில் கிளம்புகிறது. வீட்டில் கிளம்பவில்லை. அப்படியானால் கோளாறு வீட்டில்.

காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டாள். இந்தப் பக்கம் ஷெட், அந்தப் பக்கம் வீடு. ஒரே டீசல், ஒரே பேட்டரி, ஒரே சாவி, ஒரே காலைக் குளிர். பிரிட்டோ ஜெபம் பண்ணுவதில்லை, இவர்கள் பண்ணுகிறார்கள். முப்பத்தொரு வருஷ ஆய்வகப் பழக்கம், அதையும் நேர்மையாக எழுதினாள். எழுதிவிட்டுக் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அதற்கு மேல் எழுத ஒன்றும் தோன்றாமல் வெளியே போய், ஜெயசீலி வீட்டு கேட்டில் நின்று தன் வண்டியைப் பக்கவாட்டில் பார்த்தாள். ஓட்டுகிறவளுக்கு அந்தக் கோணத்தில் தன் வண்டியைப் பார்க்க எங்கே நேரம்?

ஜீப் மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஷெட்டில் தரை மட்டம். கோயில் மைதானம் மட்டம். இங்கே மட்டும் சரிவு. கோளாறு தொடங்கியது ஜூனில். சரிவு வந்ததும் ஜூனில். டீசல் டேங்க் பின்னால், கீழே. பம்பும் இஞ்சினும் முன்னால், மேலே. ராத்திரி முழுக்க இப்படி நின்றால், குழாயில் இருக்கிற டீசல் வழிந்து டேங்குக்கே திரும்பிப் போகாதா? காலையில் வெறும் காற்றை வைத்துக்கொண்டு இஞ்சின் எதைக் கொளுத்தும்? நன்றி சொல்லி ஆமென் போட்டுக்கொண்டிருந்த அதே சரிவு.

அன்று சாயங்காலம் தெருவைப் பாதி அடைத்து, ஏழெட்டு முறை முன்னும் பின்னும் போய், ஜீப்பைத் திருப்பிப் பின்பக்கமாகச் சரிவில் ஏற்றினாள். இப்போது மூக்கு கீழே, டேங்க் மேலே. வியாழன் காலை தனியாகவே போய் உட்கார்ந்து, தானே ஜெபத்தைச் சொல்லி, சாவியைத் திருப்பினாள். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. அவள் போட்ட கூச்சலில் ஜெயசீலி பால் பாக்கெட்டோடு வெளியே வந்துவிட்டாள்.

சத்தியநாதன் பெல்ட்டோடு வாசலில் வந்து பார்த்தார். சந்தோஷம்தான் என்றார். ஆனால் இந்தக் குறுகலான தெருவில் தினமும் திருப்பி ஏற்றுவது நடக்கிற காரியமா என்று கேட்டார். வண்டி எப்போதும் நிற்கிற மாதிரி நின்று கிளம்ப வேண்டும் என்பதுதான் பேச்சு என்றும் ஞாபகப்படுத்தினார். ஹில்டாவுக்கே அது போதவில்லை. தலையணையை மாற்றிப் படுத்தால் காய்ச்சல் போய்விடாது.

பிப்பெட் பிடித்தவளுக்குத் தெரியும்: கண்ணாடிக் குழாயில் ஏற்றிய தண்ணீர், மேல்நுனியை விரலால் அடைத்திருக்கும்வரை கீழே விழாது. விரலை எடுத்தால்தான் விழும். சரிவு மட்டும் டீசலைத் திருப்பி அனுப்ப முடியாது. குழாய் வழியில் எங்கோ காற்று நுழைகிறது. எங்கோ ஒரு விரல் எடுபட்டிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் ஜீப் இவளுடையது. இல்லாவிட்டால் செங்கல்பட்டு ஆளுடையது. கையில் இருப்பது இரண்டு நாள்.

டீசல் ஓடும் கறுப்பு ஹோசுக்குள் கண் போகாது. அலமாரியைக் குடைந்தாள். ஓய்வு பெற்றபோது ஆய்வகத்தில் கழித்துப் போட்ட சாமான்களை ஒரு பெட்டி நிறையக் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் அவள் மணிபிளாண்ட் வளர்த்துக்கொண்டிருந்தாள். செடியை டம்ளருக்கு மாற்றினாள். குழாயைக் கழுவித் துடைத்து, டீசல் ஃபில்டருக்கு வந்து சேரும் ஹோசை வெட்டி, நடுவில் அதைப் பொருத்தி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முறுக்கினாள். இஞ்சினை ஓடவிட்டபோது வெளுத்த தேன் நிறத்தில் டீசல் கண்ணெதிரே ஓடியது. கூடவே கடுகு கடுகாகக் குமிழிகள். ஹில்டா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுப்பில் சோறு குழைந்தது தெரியவில்லை. அப்புறம் ஜீப்பைப் பழையபடி மூக்கு மேலாக ஏற்றிச் செங்கல் வைத்தாள்.

வெள்ளி காலை விழித்ததும் ஓடிப்போய் பானெட்டைத் திறந்தாள். கண்ணாடிக் குழாய் காலி. ஒரு சொட்டு இல்லை. காலிக் குழாயைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண் சிட்லபாக்கத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். காற்று ஃபில்டருக்கு வருவதற்கு முன்பே, அதாவது டேங்கிலிருந்து இங்கே வரும் வழியில்தான் நுழைகிறது. பிரிட்டோ பார்த்ததெல்லாம் முன்பக்கம். பின்பக்கம் ஒரு சொட்டுக்கூடக் கசியாதபோது அங்கே குனிந்து பார்க்க யாருக்குத் தோன்றும்?

மத்தியானம் சத்தியநாதன் சபைக் கமிட்டிக்குப் போயிருந்தார். ஹில்டா பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள். சைக்கிள் டியூபில் ஓட்டையைக் கண்டுபிடிக்கிற வழிதான். டேங்க் வாயை ஈரத்துணியால் இறுக்கி அடைத்து, துணி நடுவே செருகிய குழாயில் சைக்கிள் பம்பை மாட்டி, ஜெயசீலியை மெல்ல அடிக்கச் சொன்னாள். தான் பாயை விரித்துச் சரிவில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தாள். சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவினாள். முதல் இணைப்பு, ஒன்றும் இல்லை. இரண்டாவது, ஒன்றும் இல்லை. கடைசியாக, டேங்கிலிருந்து இரும்புக் குழாய் வெளிவந்து ரப்பர் ஹோசுக்குள் நுழையும் இடம். நுரை தடவியதும் அது பொங்கியது. ஒரு குமிழி பெருத்து உடைந்தது, இன்னொன்று பெருத்தது. இன்னும் ஒரு தடவை அடி என்று ஹில்டா அடியிலிருந்து கத்தினாள். ஜெயசீலி அடித்தாள். நுரை ஹில்டாவின் மூக்கிலேயே வந்து விழுந்தது.

டார்ச்சைப் போட்டுச் சேற்றைத் துடைத்தாள். அந்த இடத்தில் கிளிப் இல்லை. கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. சும்மா முறுக்கிய கம்பி இல்லை. இரட்டை முடிச்சு, மிச்ச நுனி பின்பக்கமாக மடித்து உள்ளே செருகியிருந்தது.

ஹில்டா வெகுநேரம் அடியிலேயே படுத்திருந்தாள். உயிரோடுதான் இருக்கிறீர்களா என்று ஜெயசீலி கேட்க வேண்டியதாயிற்று.

எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வீட்டைத் தூக்குவதற்கு முந்தின அக்டோபரில் சபையின் அறுப்பின் பண்டிகை. வாழைத்தார் ஏலம் சூடுபிடித்த நேரத்தில் கரண்ட் போனது; ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்து மைக் செத்தது. கமிட்டிச் செயலாளர் சத்தியநாதன் எங்கோ ஓடினார். பத்தே நிமிஷத்தில் ஒரு கேன் டீசலோடு வந்தார். அவ்வளவு சீக்கிரம் எப்படி என்று பாஸ்டர் மைக்கிலேயே கேட்டதற்கு, கர்த்தர் கொடுத்தார் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். பாடகர் குழுவில் நின்ற ஹில்டாவும் கைதட்டினாள். கர்த்தர் கொடுத்தது இவள் டேங்கிலிருந்து, இந்த ஹோசைக் கழற்றி. கழற்றிய கிளிப் எந்தச் சாக்கடையில் விழுந்ததோ, நட்சத்திரம் கட்டுகிற கம்பியால் ஹோசைக் கட்டிவிட்டிருக்கிறார். டீசல் சொட்டாத அளவுக்கு இறுக்கம். காற்றைத் தடுக்க அது போதாது. மட்டமான தரையில் அது தெரியவே இல்லை. வீடு உயர்ந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் வந்தது கோபம். பானெட் தெரியாதாம், அடியில் படுக்க மட்டும் தெரியும். கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டி எடுத்தாள். முடிச்சு அப்படியே இருந்தது. புதுக் கிளிப் மாட்டி முறுக்கி, மறுபடி நுரை தடவிப் பார்த்தாள். பொங்கவில்லை. முன்பக்கம் கண்ணாடிக் குழாயை எடுத்துவிட்டுப் புது ஹோஸ் போட்டாள். ஜீப்பைப் பதினைந்து நிமிஷம் ஓட்டிக் காற்றை விரட்டிவிட்டு, மூக்கு மேலாகச் சரிவில் நிறுத்தினாள். சத்தியநாதனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் அது கிளம்பாவிட்டால் முடிச்சைக் காட்டி என்ன பிரயோஜனம்? கிளம்பினால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று படுக்கையில் வரிசையாக ஒத்திகை பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

சனிக்கிழமை ஆறு இருபதுக்கே பிரிட்டோ பைக்கில் வந்துவிட்டான். பின்னால் செங்கல்பட்டு ஆள், கயிற்றோடு. ஜெயசீலி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹில்டா ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ஒட்டிவிட்டால் இனி பிய்க்க வேண்டியிருக்கக் கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது.

சத்தியநாதன் ஏறவில்லை. இடுப்பில் பெல்ட்டோடு, சொல்லாமலேயே போய், வழக்கமான இடத்தில் நின்று பானெட்டில் இரண்டு கையையும் வைத்தார். தோற்றால் வண்டி போய்விடும் என்று பேசியவர் அவரேதான். ஆனாலும் தள்ளுவதற்குத் தயாராக நின்றார். ஹீட்டர் விளக்கு எரிந்ததும் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தையைக்கூட விழுங்கவில்லை.

ஆமென். ஹில்டா சாவியைத் திருப்பினாள்.

ஒரே இருமல். ஜீப் எழுந்து தடதடவென்று ஓடியது. பானெட்டின் அதிர்வில் சத்தியநாதனின் கை, தோள், தாடை எல்லாம் ஆடின. அவர் கையை எடுக்கவே இல்லை. ஹில்டா ஹாரனை அமுக்கினாள், விட்டாள், மறுபடி அமுக்கினாள். ஜெயசீலி கைதட்டினாள். கயிற்றை என்ன செய்வது என்று தெரியாமல் செங்கல்பட்டு ஆள் அதை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்.

பிரிட்டோ பக்கத்தில் வந்து தலையைச் சொறிந்தான். "இன்னாக்கா பண்ணீங்க?"

"நீதானே சொன்னே, கோளாறு வீட்லன்னு" என்றாள் ஹில்டா. "வீட்லதான் இருந்தது."

சத்தியநாதனை அருகில் கூப்பிட்டாள். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த கம்பியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுப்பின் பண்டிகை என்று வாய்க்குள் சொன்னார். காதுமடல் சிவந்துவிட்டது.

ஒத்திகை பார்த்த வரிகள் எல்லாம் ஹில்டாவிடம் தயாராகத்தான் இருந்தன. அவர் இடுப்பில் இருந்த பெல்ட்டைப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் வெளியே வந்தது.

"ஏழு மாசமா நீங்க தள்ளினது இதைத்தாங்க."

அவர் கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுற்றி வந்து இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். சேற்று ஓட்டம் என்றாலே வரமாட்டேன் என்பவர், கதவுக்குப் பதிலாக இருந்த சங்கிலியைத் தானே மாட்டிக்கொண்டார். ஹில்டா ரிவர்ஸ் போட்டுச் சரிவில் இறக்கி, தெருவில் திருப்பி, மிதித்தாள்.

மேடவாக்கம் தாண்டும்வரை அவர் ஆட்டோவைப் பற்றிக்கூட வாயைத் திறக்கவில்லை. சிக்னலில் நின்றபோது பையிலிருந்து கம்பியை எடுத்து முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அது அசையவில்லை.

"இருந்தாலும் ஹில்டா," என்றார், "முடிச்சு அவுறல பாத்தியா."

பச்சை விழுந்தது. பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். ஹில்டாவுக்கு வந்த சிரிப்பில் ஜீப் நடுரோட்டில் ஆஃப் ஆகிவிட்டது. சாவியைத் திருப்பினாள், உடனே பிடித்துக்கொண்டது.